ஏழாம் தளத்துப் பெரட்டு

டணங் என்று முன்னறையில் ஒரு மணிச் சத்தம். ஒரே ஒரு தடவைதான். அடுத்த கணமே, மணியின் நாக்கை யாரோ விரலால் பிடித்து அடக்கியதுபோல், அது நின்றுபோயிற்று.

சமையலறையில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்த பிரேமலாவின் கை அப்படியே நின்றது. அந்தச் சத்தம் அவளுக்குத் தன் மகளின் குரலைப்போலப் பழக்கம். மரக் கைப்பிடி வைத்த பித்தளை மணி அது. கப்பலின் ஏழாம் தளத்தில் தினமும் காலை ஏழரைக்குப் 'பெரட்டு' என்ற கூட்டத்துக்காக அவள் ஆட்டும் மணி. கரைக்கு வந்துவிட்டால் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கவிழ்ந்து படுத்திருக்கும்.

வந்தவர் அதை எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"சீனி போடலாமா டீச்சர்?" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்.

"நான் கோப்பி குடிக்க வரல," என்று பதில் வந்தது.

அறுபத்தாறு வயது சந்திரமதி டீச்சருடைய குரல் அது. முப்பத்து நான்கு வருடம் தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளில் கடைசி வரிசைவரை எட்டிய குரல். இப்போது அவர் ஓய்வுபெற்றோர் சங்கம் ஒன்றின் செயலாளர். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், போன்கூடப் பண்ணாமல், ஜோகூர் பாருவை ஒட்டிய தெப்ராவில் பிரேமலா குடியிருந்த அடுக்குமாடிக்கு வந்திருந்தார். லிஃப்ட் கெட்டுக் கிடந்தது. நான்கு மாடியும் படியேறி, மூச்சு வாங்கி, நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மடியில் ஒரு பழுப்பு நிறக் கடித உறை. அதை மேசைமேல்கூட வைக்கவில்லை.

உறைக்குள் இருப்பது என்னவென்று பிரேமலாவுக்குத் தெரியும். முந்தின நாளே செல்வா சொல்லிவிட்டான்.

செல்வா, அவள் வேலை பார்க்கும் ஜோகூர் பாரு பயண நிறுவனத்தின் முதலாளி. வயதில் அவளைவிடப் பதினைந்து வயது இளையவன். சிங்கப்பூரிலிருந்து கிளம்பிக் கிள்ளான் துறைமுகம், பினாங்கு என்று மூன்று இரவு சுற்றிவரும் கப்பலில், மாதம் ஒருமுறை நூறு நூற்றிருபது தமிழர்களை அழைத்துப் போகிறவன்.

"அக்கா, அந்த டீச்சர் புகார் எழுதுறாங்களாம் லா. அடுத்த மாசம் அவங்க சங்கத்துலேருந்து மட்டும் நாப்பத்திரெண்டு பேரு வர்றாங்க. கடிதம் என் கைக்கு வந்துச்சுன்னா பெரட்டைத் தூக்கிடுவேன். கோவிச்சுக்காதீங்க."

"பெரட்டு போச்சுன்னா அப்புறம் நான் எதுக்குத் தம்பி?"

"அதத்தான்க்கா நானும் யோசிக்கிறேன்," என்றான்.

இரவெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான் அவள் தலையணைக்குள் இருந்தது. இதோ, மறுநாளே அந்தக் கடிதம் படியேறி வந்து முன்னறையில் உட்கார்ந்திருக்கிறது. என்ன செய்வாள் பிரேமலா?

*

பிரேமலாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பதினெட்டு வயதில் தெப்ராவுக்கு வந்து ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். இருபத்திரண்டு வருடம். கடைசிப் பத்து வருடம் லைன் லீடர். அறுபது பெண்களுக்கு ஷிப்ட் போட்டவள் அவள். யாருக்கு இரவு ஆகாது, யாரை யார் பக்கத்தில் உட்கார வைத்தால் சண்டை வரும், யாருடைய மாமியார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், எல்லாம் அவள் விரல் நுனியில் இருந்தன. ஒருநாள் அந்தத் தொழிற்சாலை இயந்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அதற்கு முந்தின வருடம்தான் அவள் கணவர் ஜெயபாலன் மாரடைப்பில் போயிருந்தார்.

பிறகு என்னென்னவோ வேலை. கேன்டீன், துணிக்கடை, டியூஷன் சென்டரில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. நான்கு வருடத்துக்கு முன்னால் செல்வா அவளைக் கூப்பிட்டான்.

"கப்பல்ல நம்ம ஆளுங்க சும்மா ரூம்லயே உக்காந்துடுறாங்கக்கா. ஒருத்தருக்கொருத்தர் பேசுறதில்ல. அவங்கள ஒண்ணு சேக்க ஒரு ஆளு வேணும். நேரம் போட்டுக் குடுக்கணும்."

நேரம் போடுவதா? அது அவளுக்குக் கைவந்த வேலையாயிற்றே! ஷிப்ட் அட்டவணை போட்ட அதே கட்டங்களில் கப்பல் அட்டவணையைப் போட்டாள். காலையில் முதலில் யோகா. பசியாறிய பிறகு சீட்டாட்டம். நாலு மணிக்குத் தேநீரோடு பழைய பாட்டு. ஐந்துக்கு 'இனிப்பு நேரம்', ஐந்தரைக்குச் 'சர்க்கரை உள்ளவர்கள் நடை'. முன்னதற்குப் போனவர்கள் அத்தனை பேரும் பின்னதற்கும் வந்தார்கள். எல்லாவற்றிலும் கூட்டம். பயணிகள் அவளுக்கு 'டைம் டேபிள் அக்கா' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் ஆள் வரவில்லை. 'தனியாக வந்தவர்கள் சந்திப்பு'.

பன்னிரண்டு நாற்காலி போட்டு, பிஸ்கட் வைத்து, வாசலில் பலகையும் வைத்துவிட்டுக் காத்திருப்பாள். வயதான ஓர் அம்மா கைப்பையை அணைத்தபடி வருவார். பலகையைப் படிப்பார். கழிவறை எங்கே என்று கேட்பதுபோல ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். நம் ஆட்களில் யார்தான் 'நான் தனி' என்று எழுதிய வாசலுக்குள் நாலு பேர் பார்க்க நுழைவார்கள்? பிரேமலாவே நுழைய மாட்டாள்.

அதற்கு வழி பிறந்தது கப்பலின் பாதுகாப்புப் பயிற்சியில்தான். கிளம்பும் முன் எல்லாரும் தங்களுக்குக் குறித்த இடத்தில் கூடவேண்டும். ஒலிபெருக்கி ஆங்கிலத்திலும் சீனத்திலும் கத்திக்கொண்டிருந்தது. நம் ஆட்கள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். "என்னாம்மா இது, எதுக்குக் கூப்புடுறானுங்க?" என்று ஒரு தாத்தா கேட்டார். பிரேமலாவுக்குச் சட்டென்று வேறு வார்த்தை வரவில்லை.

"பெரட்டு தாத்தா, பெரட்டு! எல்லாரும் பெரட்டுக்கு வாங்க!"

அவ்வளவுதான். தோட்டத்தில் விடியற்காலை வேலைக்கு முன் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு. நாற்பது வருடத்துக்கு முன்னால் தோட்டத்தைவிட்டு வந்தவர்கள்கூடச் சடசடவென்று எழுந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒருவர் பழக்க தோஷத்தில் தொப்பியைக் கழற்றினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த பயணத்தில் அந்தப் பலகையை எடுத்துவிட்டாள். அட்டவணையில் 'ஏழாம் தளம், காலை 7.30, பெரட்டு' என்று மட்டும் போட்டாள். தனியாக வந்தவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மணியை ஆட்டிப் பேரைக் கூப்பிட்டாள். பேர் கேட்டால் 'இருக்கேன்' என்று சொல்லவேண்டும். பதில் வராவிட்டால் அவளே தேடிப் போவாள். பெரட்டு முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து பசியாறப் போவார்கள். முதல் நாள் பதினோரு பேர் வந்தார்கள். பதினோரு பேரும் 'இருக்கேன்' என்றபோது பிரேமலா கடலைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை.

இரண்டு வருடம் நன்றாகத்தான் போயிற்று. போன மாதம்வரை.

*

தட்டில் இரண்டு கோப்பையை வைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள் பிரேமலா.

டீச்சர் மணியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டிருந்தார். தட்டைப் பார்த்தார். அதில் இருந்த இரண்டு கோப்பையையும் பார்த்தார். முகம் சிவந்து, உதடு இறுகி, கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது.

"இங்கயும் ரெண்டா?"

"டீச்சர்?"

"கப்பல்ல மூணு நாளும் ரெண்டு ரெண்டு கோப்பியா அனுப்பிக் கேலி பண்ணீங்களே, அது பத்தலையா? வீட்டுக்கு வந்தாலும் ரெண்டா?"

"அய்யோ, ஒண்ணு எனக்கு டீச்சர்," என்றாள் பிரேமலா பதறிப்போய்.

டீச்சர் பார்வையைத் தாழ்த்தினார். ஆனால் கோபம் இறங்கவில்லை. உறையைப் பிரித்து, மடித்த தாளை எடுத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"முதலாளிகிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட படிச்சுக் காட்டணும்னு வந்தேன். முதுகுக்குப் பின்னாடி எழுதற பழக்கம் எனக்கு இல்ல. ஒண்ணு, பொது இடத்துல, ஒரு பயணியோட பேரை மூணு தரம் கூவிக் கூப்பிட்டு அவமானப்படுத்தினது. ரெண்டு, அறைக் கதவைத் தட்டித் தொந்தரவு பண்ணது. மூணு, கோப்பி அனுப்பிக் கேலி செஞ்சது. நாலு, தோட்டத்துக் கூலிகளை நிறுத்தி வச்ச கேவலமான ஒரு வார்த்தையைப் படிச்சவங்க மேல போடறது. அஞ்சு..." சற்று நின்றார். "அஞ்சு, அட்டவணையில ஒற்றுப்பிழை. பதினேழு இடத்துல."

"நான் ஆறாம் ஆண்டு வரைக்கும்தான் தமிழ்ப்பள்ளி, டீச்சர்," என்றாள் பிரேமலா மெல்ல. "அதுக்கப்புறம் எல்லாம் மலாய்தான். அஞ்சாவது தப்பை ஒத்துக்கறேன்."

"சிரிக்காதீங்க."

"சிரிக்கல டீச்சர்." உண்மையில் அவளுக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

"பெரட்டுன்னா உங்களுக்கு விளையாட்டா இருக்கு. எங்கப்பா ஒருநாள் என்னைச் சைக்கிள்ல வச்சுப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டுட்டுப் பெரட்டுக்கு ரெண்டு நிமிஷம் பிந்திப் போனாரு. அரைப் பேருதான் போட்டான் கங்காணி, அரை நாள் கூலி. முழு நாளும் வேலை செஞ்ச மனுஷனுக்கு அரைப் பேரு! அன்னைக்கு அவரு வீட்டுக்கு வந்து உக்காந்த விதம் இன்னும் என் கண்ணுல இருக்கு. அந்த வரிசையிலேருந்து தப்பிக்கத்தான் படிச்சேன். நீங்க என்னைத் திரும்பவும் இழுத்து அதுலயே நிறுத்தினீங்க. புருஷன் இல்ல, மகன் வரல, அதனால இவளும் அரைப் பேருன்னு..."

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்துபோயிற்று. 'மகன் வரல'. அந்த இரண்டு வார்த்தையை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

*

போன மாதம் நடந்தது இதுதான்.

டீச்சருக்கு ஒரே மகன், மகேஸ்வரன். சிங்கப்பூரில் பெரிய வேலை. ஜோகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் இருப்பது ஒரு பாலம்தான். ஆனால் எட்டு மாதமாக அவன் அந்தப் பாலத்தைத் தாண்டி வந்து அம்மாவைப் பார்க்கவில்லை. அவனே ஒருநாள் போன் பண்ணி, "அம்மா, கப்பல்ல போலாம், நீங்களும் நானும்," என்றதும் டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. சங்கத்தில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார். "மகன் கூட்டிட்டுப் போறான்."

துறைமுக வரிசையில் நிற்கும்போது அவனிடமிருந்து செய்தி வந்தது. அலுவலகத்தில் அவசரம். நீங்க போயிட்டு வாங்க அம்மா, டிக்கெட் வீணாகக் கூடாது.

வீணாகக் கூடாதாம்! டிக்கெட்டுக்காகக் கவலைப்பட்ட பிள்ளை, அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவளை நினைத்தானா?

திரும்பிப் போனாலும் கேள்வி, ஏறினாலும் கேள்வி. டீச்சர் ஏறிவிட்டார். நேராக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று நாளும் அங்கேயே இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தார்.

ஆனால் துறைமுகத்தில் மகன் பேரை நீக்கியதும், நிறுவனத்தின் பட்டியலில் டீச்சர் தானாகவே தனியாக வந்தவர்களின் பக்கம் போய்விட்டார். பிரேமலாவுக்குக் கதை தெரியாது. மறுநாள் காலை பன்னிரண்டாவது பேராகக் கூப்பிட்டாள். "சந்திரமதி!" பதில் இல்லை. இன்னும் சத்தமாக இரண்டு தடவை கூப்பிட்டாள். அடுத்த மேசையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த சங்கத்துப் பெண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "நம்ம செயலாளரம்மாவா? மகன்கூட வர்றதா சொன்னாங்களே?"

பிரேமலா வேகமாக அறைக்குப் போய்த் தட்டினாள். கதவு நாலு விரல் அளவு திறந்தது.

"என் மகன் தூங்குறான். சத்தம் போடாதீங்க," என்றார் டீச்சர். கதவு மூடிக்கொண்டது.

அந்த நாலு விரல் இடைவெளியில் பிரேமலா ஒன்றைப் பார்த்துவிட்டாள். உள்ளே இரண்டு கட்டில். இரண்டாவது கட்டிலில் போர்வை கலையவே இல்லை. அறையைச் சுத்தம் செய்யும் பையன்கள் வரவேற்பாகத் துண்டை மடித்து யானை செய்து வைப்பார்களே, அந்த யானை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு, யாரும் தொடாமல், அப்படியே உட்கார்ந்திருந்தது.

*

"டீச்சர்," என்றாள் பிரேமலா. நாற்காலியில் உட்காராமல் கீழே, டீச்சரின் காலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "பேரைக் கத்திக் கூப்பிட்டது என் தப்பு. ஆயிரம் தரம் மன்னிப்புக் கேக்கறேன். ஆனா அந்தக் கோப்பி கேலி இல்ல. ஒரு கோப்பி அனுப்பினா கொண்டாற பையனுக்குத் தெரிஞ்சிடும், உள்ள ஒரு ஆளுதான்னு. அவன் நாலு பேருகிட்ட சொல்லுவான். அதனாலதான் ரெண்டு."

"நல்லாப் பேசறீங்க. ஊருக்கு வந்ததும் எங்க சங்கத்துல அந்தத் தனலெட்சுமி என்னா சொன்னா தெரியுமா? 'உங்க மகன் மூணு நாளும் நல்லாத் தூங்கினாராமே'ன்னா. மூஞ்சிக்கு நேரா குத்திக் காட்டறா! நீங்க சொல்லாம அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன்."

"பாத்தீங்களா!"

"முழுசாக் கேளுங்க டீச்சர். உங்க ரூம்லேருந்து திரும்பினதும் பக்கத்து மேசையில இருந்த தனலெட்சுமியம்மாவும் இன்னொருத்தவங்களும் என்னைப் புடிச்சுக்கிட்டாங்க. 'மகன் வந்தாரா இல்லையா?'ன்னு. 'வந்திருக்காரு, பாவம், வேலை அலுப்பு, தூங்குறாரு, நானே என் கண்ணால பார்த்தேன்'னு சொன்னேன். என் பொண்ணு மேல சத்தியமா, அதத்தான் சொன்னேன்."

டீச்சரின் கையில் இருந்த தாள் மடியில் விழுந்தது.

"அப்ப... தனலெட்சுமி குத்திக் காட்டல?"

"இல்ல டீச்சர். நெசமாவே விசாரிச்சிருக்காங்க. அவங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது."

ஒரு மாதமாகத் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்துச் சங்கத்துப் பெண்களோடு பேச்சை நிறுத்தியிருந்தார் டீச்சர். கூட்டத்துக்குப் போகவில்லை. தன்னைக் கேலி செய்தாள் என்று நினைத்த பெண்தான் தனக்காகப் பொய் சொல்லி, தன் மானத்தைப் போர்வை போட்டு மூடியிருக்கிறாள். அந்த முகத்தில் முதலில் நம்பாமை வந்தது, பிறகு வெட்கம் வந்தது. கடைசியில் வந்த கண்ணீரை மட்டும் அவரால் அடக்க முடியவில்லை. முப்பத்து நான்கு வருடக் கண்டிப்பும் சேர்ந்து கரைவதுபோல, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்.

பிரேமலா தடுக்கவில்லை. அழுது முடியட்டும் என்று இருந்தாள்.

"எதுக்கும்மா எனக்காகப் பொய் சொன்னே?" 'நீங்க' எப்போது 'நீ' ஆயிற்று என்று இருவருமே கவனிக்கவில்லை.

"நானும் தனியாக் கெடந்தவ டீச்சர். தொழிற்சாலை மூடின மறுவருஷம் எனக்கு டெங்கி. பொண்ணு கெடாவுல காலேஜ். மூணு நாளு இதே வீட்டுல, குளியலறை வாசல்ல கெடந்தேன். வேலைக்குப் போறப்ப ஏழு மணிக்கு நான் வரலன்னா 'பிரேமலா எங்க?'ன்னு அறுபது பேரு கேப்பாங்க. இப்ப கேக்க யாரும் இல்ல. தொறந்து விட்ட குழாய் அப்படியே ஓடி, கீழ்வீட்டுக் கூரையில ஒழுகுச்சு. அந்த வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக், சண்டை போட வந்தாங்க. கதவை இடிச்சுத் தொறந்து அவங்கதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. சண்டைக்கு ஆளு வந்ததால பொழைச்சேன்." பிரேமலா லேசாகச் சிரித்தாள். "பெரட்டுல அரைப் பேரு போட்டாங்கதான் டீச்சர். எங்கம்மாவுக்கும் போட்டிருக்காங்க. ஆனா பேரு கூப்பிட்டு ஆளு இல்லன்னா, என்னாச்சுன்னு லயத்து வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்புவாங்க. எனக்கு அது மட்டும் போதும்னுதான் அந்தப் பேரை வச்சேன். உங்களுக்கு வலிக்கும்னு தெரியல."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"எம்புருஷன் போனப்புறம் என் பேரை யாரும் சொன்னதில்ல," என்றார் கண்ணாடியைப் பார்த்தபடியே. "எல்லாருக்கும் நான் டீச்சர். மகனுக்கு அம்மா. சங்கத்துல செயலாளர். அன்னைக்கு அந்த ரூம் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். நீ கூப்பிட்டது கேட்டுச்சு. என் ரூமும் ஏழாம் தளம்தானே, பக்கத்துலதான். சந்திரமதி, சந்திரமதின்னு... வாய் வரைக்கும் வந்துடுச்சு, 'இருக்கேன்'னு. கோபம் உன் மேல இல்ல. வாய் தொறக்க முடியலையேன்னு."

ஆறிப்போன கோப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"சீனி அதிகம்," என்றார்.

"பதட்டத்துல ரெண்டு தரம் போட்டுட்டேன் டீச்சர்."

டீச்சர் தாளை எடுத்து மடித்தார். இப்போது அது எங்கே போகும்? உறைக்குள்ளா? உறைக்குள் போனால் நாளைக் காலை செல்வாவின் மேசைக்குப் போகும். அவளுடைய மணியும் அட்டவணையும் அதோடு முடிந்துபோகும்.

தாள் கைப்பைக்குள் போயிற்று. காலி உறையைத் திருப்பி மேசைமேல் வைத்து, பையிலிருந்து ஒரு சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"ஆனா, நீ செய்யறதுல ஒரு பெரிய தப்பு இருக்கு. அதைத் திருத்தாம நான் விட மாட்டேன். தனியா வந்தவங்க பேரை மட்டும் ஏன் கூப்பிடற? அப்ப கூப்பிடறதே முத்திரை குத்தறதுதானே?"

"வேற எப்படி டீச்சர்?"

"எல்லார் பேரையும் கூப்பிடு. ஜோடியா வந்தவங்க, குடும்பமா வந்தவங்க, தனியா வந்தவங்க, எல்லாரும். அகர வரிசையில. அப்ப யாரு தனின்னு யாருக்குத் தெரியும்?"

இருபத்திரண்டு வருடம் ஷிப்ட் போட்ட மூளைக்கு இது தோன்றவில்லையே!

"நூத்திருபது பேரு டீச்சர். கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள பசியாற நேரம் போயிடும்."

"நீ கூப்பிட்டா போகும். நாப்பத்தஞ்சு பிள்ளைங்க பேரை மூணு நிமிஷத்துல கூப்பிட்டவ நான். கூப்பிடறதை நான் பார்த்துக்கறேன். பதில் வராத ரூம் கதவை நீ போய்த் தட்டு."

உறையின் பின்புறம் சிவப்பில் எழுதினார். 'பெரட்டு. எல்லாருக்கும். பெயர் அழைப்பவர்: சந்திரமதி.' எழுதிவிட்டுச் சற்று யோசித்து, அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினார். 'அடுத்த மாதப் பயணம்: ஓர் ஆள். ஒரு கட்டில்.'

"இதைச் செல்வாகிட்ட குடு. அட்டவணையைக் கம்ப்யூட்டர்ல போடறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்பு. பதினேழு ஒற்றும் நான் போட்டுத் தர்றேன்."

"தனலெட்சுமியம்மா கேட்டா என்ன சொல்றது டீச்சர்? ஒரு கட்டில்னு தெரிஞ்சிடுமே."

"அவகிட்ட நான் சொல்லிக்கறேன்." டீச்சர் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். "மகன் வரலன்னு சொல்லணும். அவ்வளவுதானே. இன்னைக்கு ஒரு தரம் சொல்லிப் பார்த்துட்டேன். இன்னொரு தரம் சொல்றது அவ்வளவு கஷ்டமா இருக்காது."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார். குடையை உதறினார். மழை தூறலாகக் குறைந்திருந்தது. நன்றி என்றோ போய்வருகிறேன் என்றோ சொல்லவில்லை. இரும்புக் கதவுக்கு வெளியே நின்று பிரேமலாவின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி படியிறங்கத் தொடங்கினார்.

முதல் திருப்பத்தில் தலை மறைந்தது. பிரேமலாவுக்கு என்ன தோன்றியதோ, இரும்புக் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாகக் கூப்பிட்டாள்.

"சந்திரமதி!"

செருப்புச் சத்தம் நின்றது. படிக்கட்டு முழுவதும் அந்தப் பேர் எதிரொலித்து அடங்கியது. கீழ்வீட்டு மக்சிக் கூடக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"இருக்கேன்!" என்று கீழிருந்து குரல் வந்தது. கடைசி வரிசைவரை எட்டும் குரல். "படி வழுக்குது. அப்புறம் கூப்பிடு."

செருப்புச் சத்தம் மறுபடி இறங்கியது. மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி, முதல் மாடி. தரைத்தளத்தில் குடை விரியும் சத்தம் கேட்கும்வரை பிரேமலா அங்கேயே நின்றாள். பிறகு இரும்புக் கதவை இழுத்துப் பூட்டி, உள்கதவைச் சாத்தினாள்.